பென்குயினிடம் எதைக் கேட்பது: ரத்தமா, இறகா, எச்சமா, இதயத்துடிப்பா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். கடலில் முக்குளித்து இரை பிடிக்கும் பறவைகள் ஸ்ட்ரெஸ்ஸில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஒரு பருவத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, காசும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ரத்தம் எடுங்கள். ஒரு பறவையிடம் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை, அல்லது ஊசி பிடிக்கப் பழகிய கை கூட இல்லை என்றால் இதயத்துடிப்பு. இறகு அருமையான பொருள், ஆனால் அதைத் தேடி வருகிறவர்கள் கொண்டுவரும் கேள்விக்குப் பல சமயம் அதனிடம் பதில் கிடையாது. எச்சம் கடைசி.

இனி நிதானமாகப் பேசலாம். நான் களத்தில் நிற்கிற ஆள் இல்லை. ஆய்வகத்தில் ஹார்மோனை அளக்கும் எலைசா சோதனைத் தட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவன். மற்றவர்கள் பாறையிலும் குளிரிலும் விழுந்து எழுந்து கொண்டுவரும் குப்பிகள் என் மேசைக்கு வந்து சேரும், அதில் எத்தனை வீண் என்று சொல்லும் கசப்பான வேலையும் என்னுடையதுதான். சமீபத்தில் ஆராய்ச்சி தொடங்கப்போகும் ஒரு மாணவி கேட்டார்: சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் பென்குயின் காலனியில் மனித நடமாட்டம் பறவைகளைப் பாதிக்கிறதா என்று பார்க்கப் போகிறேன், "அண்ணா, நாலு இறகு பிடுங்கினால் போதாதா, ஊசி எதற்கு?" நியாயமான கேள்வி. இறகு பிடுங்குவது எளிது, கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், குளிர்பெட்டி தேவையில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன். நமக்கு கார்ட்டிசால் என்றால் பறவைக்கு கார்ட்டிகோஸ்டீரோன். ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் அதன் அடிப்பகுதியான ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்லும், அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் ஹார்மோன் ஏறும். இந்தச் சங்கிலி ஓடி முடியச் சில நிமிடங்கள் ஆகும். அந்தத் தாமதம் இல்லையென்றால் இந்தத் துறையே இல்லை. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஹார்மோன் வில்லன் இல்லை. கையிருப்பை எடுத்துச் செலவழி, போய் இரை தேடு என்று உடம்புக்குப் போகும் உத்தரவு அது. எம்பரர் பென்குயின் ஆண் முட்டையைக் காலின்மேல் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 4 மாதம் பட்டினி கிடக்கிறது. கொழுப்பில் ஓடும்வரை ஹார்மோன் அடங்கியே இருக்கும். கொழுப்பு வெகுவாகக் குறைந்து தசைப் புரதம் கரைய ஆரம்பிக்கும் கட்டத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறும், பறவைக்கு நிலைகொள்ளாது, துணை வந்து சேராவிட்டால் முட்டையை விட்டுவிட்டுக் கடலுக்கு நடந்துவிடும். அன்டார்க்டிகாவின் பிரெஞ்சு நிலையமான டூமோன் டூர்வில் அருகே அடேலி பென்குயின்களிடம் பார்த்தபோதும் இப்படித்தான்: கூட்டைக் கைவிட்டவற்றில் கார்ட்டிகோஸ்டீரோன் கூடுதல், அடைகாக்க வைக்கும் புரோலாக்டின் குறைவு.

ஆகவே 'ஹார்மோன் அதிகம்' என்று மட்டும் ஒரு எண்ணைக் கொண்டுவந்தால் என் முதல் கேள்வி, பறவை பட்டினியில் எத்தனையாவது நாள்? அதைக் குறிக்காத குப்பியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, ரத்தம். அலாஸ்காவில் மர் என்றும் பிரிட்டனில் கில்லமாட் என்றும் சொல்லும் கறுப்பு வெள்ளைப் பறவையை எடுத்துக்கொள்வோம், மீனுக்காக 100 மீட்டருக்கும் கீழே போய் வரக்கூடியது, செங்குத்துப் பாறையின் விளிம்பில் தோளோடு தோள் ஒட்டிக் கூட்டமாக நிற்கும். பிடிக்க நீளமான கம்பு, அதன் நுனியில் சுருக்கு. சுருக்கு கழுத்தில் விழுந்ததும் ஒருவர் இழுக்க, ஒருவர் கடிகாரத்தை அழுத்த, இன்னொருவர் இறக்கையை விரித்து ரத்தக்குழாயைத் தேட வேண்டும். அலகு கையைக் கிழிக்கும், எச்சம் முழங்கை வரை வழியும், இதற்கு நடுவே உறைய விடாத ஹெப்பாரின் மருந்து தடவிய, மெல்லிய கேப்பிலரி குழாயில் ரத்தம் ஏற வேண்டும். எல்லாம் 3 நிமிடத்துக்குள். ரொமேரோவும் ரீடும் 2005இல் பல இனங்களின் மாதிரிகளை வைத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது: 2 நிமிடத்துக்குள் எடுத்தது ஏறக்குறைய நிச்சயமாக அடிநிலை அளவு, அதாவது பிடிபடுவதற்கு முந்தைய அளவு, 3 நிமிடம் வரை பெரும்பாலும் பரவாயில்லை. அதைத் தாண்டினால் நீங்கள் அளப்பது பறவையின் வாழ்க்கையை அல்ல, உங்களை.

இது முதல் குப்பி. பறவையைத் துணிப்பையில் போட்டு வைத்து, 30 நிமிடம் கழித்து இரண்டாம் குப்பி. பிடிபட்டதற்கு உடம்பு எவ்வளவு ஹார்மோன் விடுகிறது என்பதை அது காட்டும். ஆராய்ச்சியாளர் ஜான் விங்ஃபீல்ட் இந்த முறையை நிலைநிறுத்தியதிலிருந்து களப் பறவை ஆராய்ச்சியில் இதுதான் வழக்கம். களத்தில் ஆட்கள் செய்யும் வழக்கமான தவறு இரண்டு. ஒன்று, கையில் பிடித்த பிறகு கடிகாரத்தை ஓட விடுவது. பறவை உங்களைப் பார்த்துப் பதறிய நொடியே தொடக்கம். மற்றது, ஒரே விளிம்பில் அடுத்தடுத்து நாலு பறவையைப் பிடிப்பது. முதல் பறவை கத்தியதை மற்ற மூன்றும் பார்த்துக்கொண்டுதானே நின்றன?

ரத்தம் எதற்குப் பயன்படும் என்பதற்கு அலாஸ்காவின் குக் இன்லெட் என்ற கடற்கழி நல்ல உதாரணம். 1989இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய பிறகு அலாஸ்காவின் கடற்பறவைகள்மேல் எல்லாருடைய கண்ணும் விழுந்தது, 1995 முதல் 1999 வரை கிட்டைஸ்கி, பியாட், விங்ஃபீல்ட் மூவரும் அங்கே மூன்று காலனிகளில் மர் பறவைகளின் ஹார்மோனைத் தொடர்ந்து பார்த்தார்கள். இரை குறைந்தபோது கார்ட்டிகோஸ்டீரோன் ஏறியது. இதில் என்ன பெரிய செய்தி என்று தோன்றலாம். செய்தி இருக்கிறது: மர் பெற்றோருக்கு நல்ல காலத்தில் பாறையில் சும்மா நிற்க நிறைய நேரம் கிடைக்கும், பஞ்ச காலத்தில் அந்த நேரத்தையெல்லாம் மீன்பிடிக்கச் செலவழித்துக் குஞ்சை எப்படியும் வளர்த்துவிடும். குஞ்சுகளை மட்டும் எண்ணுகிறவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பெற்றோர் படும் பாட்டை ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம், மனிதர் வந்துபோவது. இதில் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நியூசிலாந்தில் ஒட்டாகோ தீபகற்பத்தில் சாண்ட்ஃபிளை பே என்ற கடற்கரை. மஞ்சள்கண் பென்குயின்கள் அங்கே கரையேறும், பயணிகளைக் கட்டுப்படுத்த அப்போது பெரிதாக ஏற்பாடு இல்லை. உர்சுலா எல்லன்பெர்க் குழுவினர் அங்கேயும், மனிதர் தொந்தரவு இல்லாத ஓரிடத்திலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 2007இல் வெளிவந்த ஆய்வு. முதல் குப்பியில் இரு இடத்துப் பறவைகளுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாம் குப்பியில் பயணிகள் வரும் கடற்கரைப் பறவைகளின் ஹார்மோன் தெளிவாக அதிகம். அங்கே குஞ்சு பொரித்துக் கரையேற்றுவதும் குறைவு, குஞ்சுகளின் எடையும் குறைவு. முதல் குப்பியோடு நிறுத்தியிருந்தால் 'ஒரு பாதிப்பும் இல்லை' என்று அறிக்கை போயிருக்கும்.

அடுத்தது அர்ஜென்டினாவின் சுபுட் மாகாணத்தில் புன்டா டோம்போ. மெகல்லன் பென்குயின்களின் பிரமாண்டமான காலனி, ஆராய்ச்சியாளர் டீ போர்ஸ்மா 1982இலிருந்து அங்கே வேலை செய்கிறார், ஆண்டுக்கு லட்சம் பேருக்கு மேல் வந்துபோகிறார்கள், ஆனால் வேலி போட்ட பாதையில் மட்டும். பிரையன் வாக்கர், போர்ஸ்மா, விங்ஃபீல்ட் மூவரும் 2006இல் வெளியிட்டதில், பாதையோரப் பறவைகள் மனிதருக்குச் சீக்கிரமே பழகிவிடுகின்றன, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது குறைகிறது, ஹார்மோனும் எகிறுவதில்லை. நல்லதாகப் போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவர்கள் ஒரு படி கூடப் போனார்கள். பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவை ஊசியாகவே போட்டுப் பார்த்தபோதும் பாதையோரப் பறவைகளின் அட்ரீனல் சுரப்பி குறைவாகத்தான் சுரந்தது. பயம் தெளிந்ததோடு சுரப்பியின் திராணியும் குறைந்திருக்கிறது. அதனால் கெடுதல் வந்ததாக அப்போது தெரியவில்லை, பின்னாளில் தெரியலாம் என்று அவர்களே எழுதினார்கள். அதே காலனியில், 2005இல், பயணிகள் பகுதியில் அப்போதுதான் பொரித்த குஞ்சுகள் பிடிபட்டதும் மற்றப் பகுதிக் குஞ்சுகளைவிட அதிகம் ஹார்மோன் விட்டன, 40, 50 நாள் ஆனதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது.

ஒரே கேள்வி, ஒரே ஊசி. ஓரிடத்தில் ஏறுகிறது, ஓரிடத்தில் இறங்குகிறது, இறங்கிய இடத்திலும் சிறுகுஞ்சுக்கு ஏறுகிறது. அதனால்தான் 'அதிகம் என்றால் கெட்டது, குறைவு என்றால் நல்லது' என்று முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் தட்டு ஓட்டத் தயங்குவேன். கொண்டை பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகளுக்கு வேண்டுமென்றே தீனியைக் குறைத்துப் பார்த்தார்கள், 2005இல் வந்தது. ஹார்மோன் ஏறும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறைந்தது. வளைக்குள் தனியாகக் கிடக்கும் குஞ்சு, கத்தினாலும் கேட்க ஆள் இல்லை, உடம்பைக் கரைக்கும் ஹார்மோனை அடக்கிக்கொண்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது விளக்கம். பசியால் வாடும் குஞ்சும் தாளில் 'அமைதியான குஞ்சு' மாதிரியே தெரியும்.

ரத்தத்தின் குறை வெளிப்படை: பறவையைப் பிடித்தே ஆக வேண்டும். பிடிப்பதே தொந்தரவு என்னும்போது தொந்தரவை அளக்கத் தொந்தரவு செய்கிறோம். அடையாளத்துக்காகப் பென்குயினின் துடுப்பு இறக்கையில் மாட்டும் பட்டையே கெடுதல் என்று 2011இல் தெரிந்தது, பட்டை போட்ட கிங் பென்குயின்கள் 10 ஆண்டில் 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு வளர்த்தன, உயிர்பிழைப்பதும் 16 சதவீதம் குறைவு. ஆகவே மறுபடி அதே பறவையைத் தேடுவதாக இருந்தால் தோலுக்கடியில் சிப் வையுங்கள், பட்டை வேண்டாம்.

பிடிக்காமல் பார்க்க வேண்டும் என்றால் இதயத்துடிப்பு. உள்ளே உணர்கருவி வைத்த போலி முட்டையைக் கூட்டில் வைத்துவிட்டால் பறவை அதன்மேல் படுத்து அடைகாக்கும், நாம் தூர உட்கார்ந்து துடிப்பைக் கேட்கலாம். 1995இல் ஜென்டூ பென்குயின்களிடம் இதை வைத்துப் பார்த்தபோது, நிதானமாக அணுகிய மனிதருக்குத் துடிப்பு பெரிதாக மாறவில்லை. அதே உத்தி தென்னமெரிக்கக் கரையின் ஹம்போல்ட் பென்குயினிடம் வேறு கதை சொன்னது: 150 மீட்டர் தள்ளி ஒருவர் நடந்துபோனாலே துடிப்பு ஏறுகிறது, அடங்க அரை மணி நேரம்வரை ஆகிறது. பறவை அசையாமல்தான் உட்கார்ந்திருந்தது! வெளியே பார்த்து எழுதும் குறிப்பேட்டில் 'பாதிப்பு இல்லை' என்றுதான் போயிருக்கும். எத்தனை மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுவது என்பதே முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்றால் போலி முட்டையை ரத்தத்தால் அடித்துக்கொள்ள முடியாது, ஒரே நாளில் ஐந்து தூரத்தை நடந்து பார்த்துவிடலாம்.

கிங் பென்குயினுக்கு இந்தச் சூழ்ச்சி பலிக்காது, கூடே கிடையாது, முட்டை காலின்மேல். குரோசே தீவில் அதன் உடம்பிலேயே துடிப்புமானி ஒட்டிப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டாக ஆராய்ச்சி நிலையத்து ஆட்களைப் பார்த்துப் பழகிய பகுதியில், தூரத்தில் நடக்கும் மனிதருக்குப் பறவைகள் கொஞ்சமாகத்தான் அசைந்தன. பிடித்தபோது அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. இதே ஆர்வத்தில் சிலர் சக்கரம் வைத்த சின்ன வண்டியை உள்ளே அனுப்பி, மனிதரைவிட அதற்குத் துடிப்பு குறைவாக ஏறுகிறது என்று 2014இல் காட்டினார்கள். எம்பரர் காலனிக்குப் போன வண்டிக்குச் சாம்பல் நிறப் பஞ்சுக் குஞ்சு வேடம் போட்டிருந்தார்கள், பெரிய பறவைகள் அதனோடு பேசிப் பார்த்தனவாம்.

துடிப்பின் எல்லை, அது அந்த நேரத்துச் செய்தி மட்டும். பக்கத்துக் கூட்டோடு சண்டை, முட்டை திருடும் ஸ்குவா பறவை மேலே பறப்பது, எல்லாவற்றுக்கும் ஏறும். அடைகாக்கும் காலம் முடிந்ததும் போலி முட்டைக்கும் வேலை இல்லை. புன்டா டோம்போவில் சுரப்பியே தளர்ந்தது மாதிரியான சங்கதி இதில் தென்படவே தென்படாது.

இனி இறகு. இறகு வளரும்போது ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாக அதில் படியும், வளர்ந்து முடிந்ததும் கதவு மூடிவிடும். 2008இல் போர்டோலோட்டி குழுவினர் இதை எடுத்துக்காட்டியதிலிருந்து இறகுகள் மூட்டை மூட்டையாக ஆய்வகங்களுக்கு வருகின்றன. சிக்கல் அந்தக் கதவுதான். பென்குயின் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இறகையும் ஒரே மூச்சில் மாற்றும். மெகல்லன் பென்குயினுக்கு அது குஞ்சு வளர்த்து முடிந்த பிறகு, மார்ச் வாக்கில். ஆக நவம்பரில் கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவையிடம் பிடுங்கிய இறகு, நவம்பர் மாதப் பயணிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, போன மார்ச்சில் அது எப்படி இருந்தது என்று சொல்லும். அந்த மாணவிக்கு நான் வேண்டாம் என்றது இதனால்தான், ஊசிமேல் காதல் ஒன்றும் இல்லை.

அதே குணம் மர் பறவையிடம் வரமாகிவிடுகிறது. இனப்பெருக்கம் முடிந்ததும் பறக்கும் இறகுகளை ஒட்டுமொத்தமாக உதிர்த்துவிட்டு, பறக்க முடியாமல் வாரக்கணக்கில் நடுக்கடலில் மிதக்கும்; அந்த நேரத்தில் யாராலும் அதனிடம் ரத்தம் எடுக்க முடியாது, அடுத்த கோடையில் பாறைக்கு வரும்போது இறகு அந்த இலையுதிர்காலத்தைக் கையோடு கொண்டுவரும். 2015-16 குளிர்காலத்தில் பசிபிக்கின் கடல் வெப்ப அலையில் கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை சுமார் 62,000 மர் சடலங்கள் கரையொதுங்கின, அலாஸ்காவில் மட்டும் 40 லட்சம், அதாவது ஏறக்குறைய பாதி, செத்திருக்கும் என்று 2024இல் கணக்கு வந்தது. கூட்டில் இல்லாத காலத்தில்தான் சாவு வருகிறது என்றால் கூட்டில் எடுக்கும் ரத்தம் என்ன சொல்லும்? அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு இறகு என்பேன்.

குஞ்சின் இறகு வேறு கதை, அது கூட்டிலேயே வளர்வது. காண்டாமிருக ஆக்லெட் என்ற கடற்பறவையின் குஞ்சுகளை வளர்த்துத் தீனியைக் கட்டுப்படுத்திப் பார்த்ததில் இறகு ஹார்மோன் அதைக் காட்டியது என்று 2014இல் வந்தது. ஆக, பெரியதிடம் ரத்தம், குஞ்சிடம் இறகு என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் ஒரு எச்சரிக்கை, என் சொந்த அடி. இறகை எடையால் வகுக்காதீர்கள், நீளத்தால் வகுங்கள். ஹார்மோன் படிவது வளரும் நாட்களின் கணக்கில், நாள் தெரிவது நீளத்தில். தொடக்கத்தில் நான் எடையால் வகுத்தேன், அதிலும் சில துண்டுகள் துக்கடாவாக இருந்தன, துண்டு சின்னதாக ஆக ஆக எண் தானாக எகிறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் 'பயங்கர ஸ்ட்ரெஸ்' என்று குதித்துவிட்டு, வரைபடத்தில் எடையைப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தது. ஹார்மோனைப் பிரித்தெடுக்க ஊற்றிய மெத்தனாலும் போச்சு, தட்டும் போச்சு.

எச்சத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பிடிக்க வேண்டாம் என்பது பெரிய வசதி, உயிரியல் பூங்காவில் தனித்தனியாக வைத்திருக்கும் பறவைக்கு நன்றாகவே பயன்படும். ஆனால் அதில் இருப்பது ஹார்மோன் அல்ல, அது சிதைந்த மிச்சம். உங்கள் எலைசாவின் ஆன்டிபாடி அந்த மிச்சத்தை அடையாளம் காண்கிறதா என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனியே சோதிக்க வேண்டும், விழுந்த உடனே உறைய வைக்காவிட்டால் பாக்டீரியா அதையும் மாற்றும். பட்டினி கிடக்கும் பென்குயினிடம் அது கிடைப்பதும் அரிது. அப்புறம், யாருடையது என்று எப்படிச் சொல்வீர்கள்? அடேலி பென்குயின் கூட்டிலிருந்து எழுந்து பின்பக்கத்தைத் திருப்பி 40 சென்டிமீட்டர் தள்ளிப் பீய்ச்சும். அந்த அழுத்தத்தைக் கணக்குப் போட்டவர்களுக்கு 2005இல் இக் நோபல், அதாவது சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு, கொடுத்தார்கள். ஒன்றுக்கொன்று கொத்தும் தூரத்தில் கூடு கட்டும் காலனியில் தரையெல்லாம் அந்தக் கோலம்தான், எந்தக் கோடு எந்தக் கூட்டுக்கு என்று பிரிப்பதற்குள் பருவம் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கன வழி, எப்படியும் ரத்தம் எடுக்கிறீர்கள், ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துக் காயவிடுங்கள். ஹெட்டரோஃபில், லிம்ஃபோசைட் வெள்ளணுக்களின் விகிதம் ஸ்ட்ரெஸ்ஸில் மாறும், ஹார்மோனைவிட மெதுவாக, அதனால் 3 நிமிடப் பதற்றம் அதற்கு இல்லை. மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் போதும். காய்ச்சலுக்கும் அது மாறும் என்பதால் தனியாக நம்ப மாட்டேன், துணைக்கு வைத்துக்கொள்வேன்.

மாணவிக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இதுதான். பாதையோரம் 20 கூடு, தள்ளி 20 கூடு, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பறவைக்கு இரண்டு குப்பி, குப்பிமேல் அடைகாப்பின் நாள், துணை எப்போது மாறியது, கடிகார நேரம். பொரித்த குஞ்சு தேறுகிறதா என்று கடைசிவரை கணக்கு, கிளம்பும் முன் எடையும் ஓர் இறகும். 40 கூட்டுக்கு மேல் போகாதே, காசு மிஞ்சினால் கூடுதல் கூட்டுக்கு வேண்டாம், இரண்டு போலி முட்டைக்குப் போடு என்றேன். முதலில் முகம் சுளித்தார், இறகுக் கவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். குஞ்சுக்கு ஆகும் என்று சமாதானப்படுத்தினேன்.

இப்போது விடுதி அறையில் தலையணைக்குப் பழைய ஸ்வெட்டர் போட்டு, தோழி பிடித்துக்கொள்ள, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஒத்திகை பார்க்கிறார். நேற்று அனுப்பிய செய்தியில் 4 நிமிடம் 10 நொடி. தலையணை இன்னும் கொத்தவும் ஆரம்பிக்கவில்லை.